நேப்பியரா, கினியாவா? புல் நடுவதற்கு முன்னால்

ரப்பர் இருந்த காலத்தில் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் மாட்டுக்குப் புல் ஒரு கவலையே இல்லை. பால் வெட்டிவிட்டு வந்து, சாக்கையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினால் போதும். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. எந்த நிரையில் எப்போது மருந்தடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? பாராகுவாட்டை 2020இல் தடை செய்தார்கள், சரி. மற்றக் களைக்கொல்லிகள் நிற்கவில்லையே. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் சொந்தமாகப் புல் நடுவதுதான் வழி.

எந்தப் புல் நடலாம் என்று கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது நேப்பியர். யானைப்புல் என்கிறோமே, அதுதான். விளைச்சலில் மற்றவை அதன் கிட்டே வராது. முற்றிய தண்டை மூன்று கணுவாக நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நட வேண்டும். வரிசைக்கு வரிசை மூன்றடி. இரண்டு, இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு. அப்புறம் ஆறு ஏழு வாரத்துக்கு ஒரு தடவை, அரைச் சாண் கட்டை விட்டு அறுக்கலாம். ஒரு தடவை நட்டால் பல வருடம் வரும்.

இதில் நம் ஆட்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஆள் உயரம் தாண்டட்டும், நிறைய கிடைக்கும் என்று காத்திருப்பார்கள். ஆறு வாரத் தண்டை நகத்தால் கீறினால் ஈரம் கசியும். பத்து வாரம் விட்ட தண்டு கரும்புச் சக்கை மாதிரி. எடை கூடியிருக்கும், சத்து இறங்கியிருக்கும். ஆட்டுக்குப் போட்டால் இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போடும். நறுக்கும் மெஷின் இல்லாதவர் பாதிப் புல்லைக் குப்பைக்குத்தான் வளர்க்கிறார். உரமும் நிறைய தின்னும்; ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் சாணம் போட்டே ஆக வேண்டும். யூரியா போட்டால், உடனே அறுத்துப் போடக் கூடாது, புல்லில் நைட்ரேட் ஏறியிருக்கும், அது மாட்டுக்கு விஷம்.

கினியாப் புல் அப்படி இல்லை. தண்டு மெல்லிசு, இலை அதிகம், ஆடு மிச்சம் வைக்காது. எனக்கு அதில் பிடித்தது நிழல் தாங்கும் குணம். தென்னைக்கு அடியிலும் வரும். நேப்பியர் அங்கே நோஞ்சானாகிவிடும். புது விதை சில மாதம் உறங்கும், அதை நம்பி உட்கார வேண்டாம். நன்றாக வளர்ந்த தூரைப் பிரித்து, வேரோடு இரண்டு மூன்று குருத்து சேர்த்து ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டால் சீக்கிரம் பிடிக்கும். ஐந்து ஆறு வாரத்தில் அறுக்கலாம். தண்ணீர் தேங்கும் பள்ளம் இரண்டுக்குமே ஆகாது.

மூன்றாவது, சிக்னல் புல். புளிப்பு மண்ணிலும் படரும், எவ்வளவு மிதித்தாலும் மறுபடி எழும். மாடு மேய நல்லதுதான். ஆனால் அதிலிருக்கும் சாப்போனின் என்ற நச்சுப்பொருள் ஈரலைக் கெடுக்கும். ஈரல் கெட்டால் பச்சையம் செரித்து வரும் கழிவு வெளியேறாமல் தோலில் தங்கிவிடும். வெயில் பட்டதும் காதும் முகமும் வீங்கும், கண் மஞ்சளாகும், ஆடு நிழலை விட்டு வெளியே வராது. செம்மறிக்கு இது ரொம்ப மோசம், வெள்ளாட்டுக்கும் ஆபத்து, குட்டிகள் முதலில் விழும். ஆடு வளர்ப்பவர் யாராவது இதைக் கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

350 கிலோ பசுவுக்கு நாளைக்கு ஏறக்குறைய 35 கிலோ பச்சைப்புல் வேண்டும். வெயில் விழும் நிலமும் நறுக்கும் மெஷினும் இருந்தால் அதற்கு நேப்பியரே. ஏழெட்டு வெள்ளாடும் தென்னை நிழலும்தான் இருக்கிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரர் நேப்பியர் எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் கண்ணெடுத்துப் பார்க்காதீர்கள், கினியாவை நடுங்கள். நான் வேலி ஓரம் மட்டும் நாலு தூர் நேப்பியர் வைத்திருக்கிறேன், அதுவும் கினியா குறைந்தால் கைக்கு உதவும் என்று.