பிரான்சைஸ் கான்ஃபரன்ஸ்: மூன்று நாளுக்கு 4,200 டாலர் (என் மதிப்பெண்: 5-க்கு 3)

நியூஜெர்சி எடிசனில் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சென்டர் ஒன்றை பிரான்சைஸ் எடுத்து, அதாவது ஒரு கம்பெனிக்குக் கட்டணம் கட்டி அவர்கள் பெயரிலும் முறையிலும், நான்கு வருடமாக நடத்துகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். வருடா வருடம் அவர்கள் வைக்கும் கட்டாய கான்ஃபரன்ஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தத் தொழிலில் இறங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு இது உதவும்.

இந்த முறை லாஸ் வேகாஸ். ஓனரும் சென்டர் டைரக்டரும் வந்தே ஆக வேண்டும். பதிவுக் கட்டணம் எனக்கு 750, அவருக்கு 550. நூவார்க்கிலிருந்து விமான டிக்கெட் இரண்டும் சேர்த்து 820. டைரக்டர் பெண் என்பதால் ரூம் இரண்டு. ரிசார்ட் ஃபீ என்று ஹோட்டல் தனியாக வாங்கும் கட்டணத்தோடு மூன்று இரவுக்கு 1,260. சாப்பாடு, டாக்ஸி 340. நாங்கள் இல்லாத நாட்களில் சென்டரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கூடுதல் சம்பளம் 480. ஆக 4,200 டாலர். என் சென்டரின் ஒரு மாத வாடகைக்குக் கொஞ்சம்தான் குறைவு. வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்டலாம், ஆனால் சாப்பாட்டுச் செலவில் பாதிதான் கழியும்.

போனது வீண் என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் மேடைப் பேச்சுகள் எல்லாம் கம்பெனி விளம்பரம். இரண்டாம் நாள் மதியம் ஓனர்கள் பத்துப் பத்துப் பேராக உட்கார்ந்து பேசிய இரண்டு மணி நேரம்தான் பொன்னானது. ஜூனில் கோடை விடுமுறை வந்தால் என்னிடம் பிள்ளைகள் பாதியாகக் குறைந்துவிடும். ஒஹாயோவில் சென்டர் நடத்தும் ஒரு அம்மா, ஏப்ரலிலேயே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி, கோடைக்கு நாளையும் நேரத்தையும் மாற்றிக்கொடுப்பதாகச் சொன்னார். அந்த அட்டவணையை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

மனதில் ஆறாதது வேறு. 2023-இல் மனைவிக்குப் பிரசவ நேரம், போக முடியவில்லை. முன்கூட்டியே மெயில் போட்டிருந்தேன். இருந்தும் என் 750 டாலரை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கேட்டால், வந்தாலும் வராவிட்டாலும் கட்டணம் உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். எடுத்துப் பார்த்தேன், இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று அந்த வரியை நான் படிக்கவில்லை.

அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பாக எஃப்டிடி என்ற விவர ஆவணத்தைத் தந்தாக வேண்டும். ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு அமைப்பின் விதி அது. மொத்தம் 23 ஐட்டம். ராயல்டியை (வருமானத்தில் கம்பெனிக்குக் கொடுக்கும் பங்கு) மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஐட்டம் 6-இல் மற்றக் கட்டணங்கள், 11-இல் பயிற்சி விவரம் இருக்கும்; கான்ஃபரன்ஸ் அங்கேதான் ஒளிந்திருக்கும். எத்தனை பேர் வர வேண்டும், வராவிட்டால் என்ன, பயணச் செலவு யாருடையது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஐட்டம் 20-இல் இப்போதைய ஓனர்கள், சமீபத்தில் விலகியவர்களின் தொலைபேசி எண்கள் இருக்கும். நாலு பேருக்காவது போன் போட்டு, போன வருடம் கான்ஃபரன்ஸுக்கு மொத்தம் எவ்வளவு ஆனது என்று கேளுங்கள். நான் ஒருவருக்கும் போடவில்லை.

இரண்டாவது ஆள் ஆன்லைனில் கலந்துகொள்ள அனுமதி கேட்டுக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. அடுத்த வருடம் ஆர்லாண்டோவாம். மாதம் 350 டாலர் இப்போதிருந்தே தனியாக எடுத்து வைக்கிறேன்.