ரேடியேட்டர் ஃபேன் சுத்தலையா? ரிலே மாத்திப் பாக்கவா, நேரா கரண்ட் குடுக்கவா

புளியரை தாண்டி ஆரியங்காவு ஏத்தத்துல, அதுவும் சபரிமலை சீசன் நெரிசல்ல ஊர்ந்து போறப்பதான் டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறும், ஓடுற வண்டிக்கு எதிர்காத்து போதும் நின்ன வண்டிக்கு ஃபேன்தான் கதி. ரிலேய (ஃபேனுக்கு கரண்ட விடுற குட்டி சுவிட்ச்) மாத்தவா, பேட்டரிலேர்ந்து நேரா ஃபேன் மோட்டாருக்கு கரண்ட் குடுக்கவா, எதை மொத செய்யன்னு மச்சான் கேட்டான், அதான் இது. ஏசி போட்டும் சுத்தலையான்னு பாத்துட்டு, ஃபியூஸையும் பாத்துட்டு வாங்க.

செலவு
ரிலே: சல்லிக்காசு இல்ல, ஃபியூஸ் பாக்ஸ்லயே அதே மாதிரி ரிலே (பல வண்டில ஹாரனுக்கு) இருந்தா புடுங்கி சொருகணும்.
நேரா: தடிச்ச வயரும் நடுவுல ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸும் வேணும். நான் ஒல்லி வயர்ல குடுத்து அது உருகி விரல் சுட்டதுதான் மிச்சம்.

நேரம்
ரிலே ரெண்டு நிமிஷம். மத்ததுக்கு கனெக்டர கழட்டவே பொறுமை வேணும்.

என்ன தெரியும்
ரிலே மாத்தி சுத்துச்சா, சோலி முடிஞ்சுது. சுத்தலன்னா மோட்டாரா, சூடு பாக்குற சென்சாரா, வயரான்னு ஒண்ணும் புரியாது.
நேரா குடுத்து சுத்தலன்னா மோட்டார் போச்சு, லேசா தட்டுனா மட்டும் சுத்துதுன்னா கார்பன் (மோட்டாருக்குள்ள உரசி கரண்ட் கடத்துற கட்டை) தேஞ்சிருக்கும். நல்லா சுத்துதா, சென்சார், வயர் பக்கம் தேடுங்க.

ஆபத்து
சூடா இருக்கப்ப சாவி எடுத்தாலும் சில வண்டில ஃபேன் திடீர்னு சுத்தும், அதனால இன்ஜின் ஆறுன பெறகு கை வைங்க. கண்ட்ரோல் மாட்யூல் (வேகத்த கட்டுப்படுத்துற எலக்ட்ரானிக் பெட்டி) வச்ச புது ஃபேனுக்கு நேரா குடுக்கவே கூடாது.

மலைல மாட்டுனா ரிலே, வீட்டு முத்தத்துல ஞாயித்துக்கிழமைன்னா நேரா கரண்ட். கடன் வாங்குன ஹாரன் ரிலேய மறக்காம திருப்பி மாட்டுங்க மக்கா.