டர்பனுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு பெரிய ரம்பம்: 395 எக்ஸ்பியோடு சில வருடங்கள்

ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பி ஒரு பெட்ரோல் சங்கிலி ரம்பம்: 93.6 சிசி, 4.9 கிலோவாட். பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) சங்கிலியும் மாட்டாமலே 7.9 கிலோ எடை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறைக்கு 2019ல் வந்தது, அதுவும் ஏற்கெனவே உழைத்த மெஷினாக. விழுந்த மரங்களையும் வெட்டித்தரும்படி ஒப்படைக்கும் மரங்களையும் மேசைப் பலகையாக அறுத்துத் தருவது எங்கள் தொழில். பெரும்பாலும் கற்பூர மரம், ஜகராண்டா, தைல மரம், அப்புறம் இங்கே சிரிங்கா என்று சொல்லும் மலைவேம்பு. 36 அங்குல பார், அதன் மேல் அலுமினியச் சட்டம், முதல் வெட்டுக்கு வழிகாட்ட ஒரு பழைய ஏணி. அவ்வளவுதான் எங்கள் மில்.

மரம் சாய்ப்பவர் கையில் ரம்பம் படும் பாடு வேறு, பலகை அறுப்பவர் கையில் படும் பாடு வேறு. சாய்க்கும்போது சில விநாடி முழு வேகம், பிறகு ஓய்வு. பலகைக்கு ஒரு வெட்டு முடிய நிமிடக் கணக்கில் முழு ஆக்சிலேட்டரில், முழுச் சுமையில் ஓட வேண்டும். இந்த வேலைக்கு 70 சிசி மெஷினை வாங்கி வதைப்பதைவிட 90க்கு மேல் உள்ளதைப் பழையதாக வாங்குவது மேல். 120 சிசி வகைகள் இன்னும் சுகமாக அறுக்கும், ஆனால் சாயங்காலம் இடுப்பு பேசும்.

எங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அதுதான் உயரம். டர்பன் கடல் மட்டம். என்3 நெடுஞ்சாலையில் ஏறினால் பீட்டர்மரிட்ஸ்பர்க் சுமார் 600 மீட்டர், ஹோவிக் ஆயிரத்தைத் தொடுகிறது, ஜோகன்னஸ்பர்க் 1,750 மீட்டர் அளவில் இருக்கிறது. காலையில் கடலோரத்தில் கற்பூர மரம், மதியம் ஹோவிக் பக்கத்து மேட்டுப்பகுதியான மிட்லண்ட்ஸில் தைல மரம் என்று நாள் போகும். மேலே காற்று மெலிவு. உள்ளே போகும் பெட்ரோலுக்கு ஏற்ற காற்று இல்லாததால் மெஷின் புகை கக்கி மந்தமாக ஓடும். உள்நாட்டு மேட்டில் கார்களுக்கு 93 ஆக்டேன் போதும் என்று பங்க்கில் விற்பதும் இதே மெலிந்த காற்றை வைத்துத்தான்.

கீழே சரிசெய்ததை மேலே கொண்டுபோனால் சக்திதான் குறையும், சேதம் வராது. ஆபத்து எதிர்த்திசையில். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு நண்பர் டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது தன் பெரிய ரம்பத்தையும் எடுத்து வந்தார். அங்கே கச்சிதமாக ஓடியது. இங்கே அடர்த்தியான காற்றுக்கு கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி அதே அமைப்பில் விட்ட பெட்ரோல் போதவில்லை. பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது, குளிர்ச்சியும் அதில்தான். இரண்டு பலகை முடிவதற்குள் சத்தம் கிறீச்சென்று ஏறி மெஷின் இறுகி நின்றுவிட்டது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கீறல்.

அதனால் ஸ்க்ரூ டிரைவர் என் சட்டைப்பையிலேயே இருக்கும். மெஷினை நன்றாகச் சூடாக்கி, வெட்டாமல் முழு வேகம் கொடுத்துக் கேட்பேன். தொண்டை கட்டியவர் பேசுவது போல் கொஞ்சம் கரகரக்க வேண்டும். மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு போய்ச் சத்தம் சீராக வேண்டும். மரத்துக்குள்ளும் கரகரத்தால் பெட்ரோல் அதிகம். வெளியிலேயே சுத்தமாகப் பாடினால் குறைவு, உடனே எச் ஊசியை, அதாவது முழு வேகத்துக்கான ஊசியை, திறக்க வேண்டும். பலகை வேலைக்கு நான் எப்போதும் ஒரு இழை கூடுதலாகவே திறந்து வைக்கிறேன். ஸ்டில் எம்எஸ் 661ல் எம்-ட்ரானிக் உள்ள வகை இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். மேலும் கீழும் ஓடுகிறவர்களுக்கு அது வரம்தான். எனக்கு என் காதின் மேல்தான் நம்பிக்கை. பழக்க தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாற்றங்கள். எல்லோரும் முதலில் கை வைப்பது சைலன்சரில். வாயைக் கொஞ்சம் அகலமாக்கினால் புகை தடையில்லாமல் வெளியேறும், மெஷின் சூடு குறைவாக ஓடும். நானும் செய்திருக்கிறேன், பலகை வேலைக்கு அது உண்மையாகவே உதவியது. ஆனால் வாயைத் திறந்ததும் ஊசியையும் திறந்தாக வேண்டும். காதுக்கவசமும் கட்டாயம். தீப்பொறி தடுக்கும் கம்பி வலையை மட்டும் நான் தொடவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்லண்ட்ஸ் புல்வெளி காய்ந்து கிடக்கும், தோட்டத்துக்குள் ஒரு பொறி போதும். 1998ன் காட்டுத்தீச் சட்டம் இருக்கும் நாட்டில், வலையைக் கழற்றிவிட்டுப் பிறர் நிலத்தில் ரம்பம் ஓட்டுகிறவரை என்னவென்று சொல்வது! வலையில் கரி படியும்போது எடுத்துச் சுரண்டி மறுபடி மாட்டினால் போதும்.

அதற்கு மேல் போகிறவர்களும் உண்டு. சிலிண்டர் துவாரங்களை ராவி அகலப்படுத்துவது, அடி கேஸ்கெட்டை எடுத்துவிட்டு அழுத்தம் கூட்டுவது, ஃபிளைவீல் சாவியை அரைத்துத் தீப்பொறி நேரத்தை முன்னுக்குத் தள்ளுவது. மரம் வெட்டும் போட்டிக்கு அழகு. தினம் முழுச் சுமையில் ஓடும் ரம்பத்துக்கு இவை கூடுதல் சூடும் கூடுதல் அதிர்வும்தான். எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவர், கரும்புத் தோட்ட ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர், இதைக் கேட்டுச் சிரிப்பார்: “தம்பி, சத்தம் ஏறினா சக்தி ஏறிடுமா? முதல்ல சங்கிலிய தீட்டுப்பா.”

அவர் சொன்னதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சாதாரணச் சங்கிலியின் பல் குறுக்காக வெட்டுவதற்கு 30 டிகிரியில் தீட்டியிருக்கும். நீளவாக்கில் பலகை எடுக்க 10 டிகிரி போதும், பலகையின் முகமும் வழவழப்பாக வரும். 3/8 சங்கிலிக்கு 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்பதைக் கட்டுப்படுத்தும், பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு புடைப்பை 0.65 மில்லிமீட்டருக்கு மேல் இறக்குவதில்லை. இறக்கினால் சங்கிலி மரத்தைக் கடித்து இழுக்கும், கிளட்ச் வழுக்கும். குட் ஃப்ரைடே தீமிதிக்குக் கோயில்காரர்கள் விறகு கேட்டு வரும்போது மட்டும் 30 டிகிரிச் சங்கிலியை மாட்டுவேன், கட்டை துண்டு போட அதுதான் வேகம்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு அறுத்த கட்டைகள் தனிக் கதை. ஆறு இழுத்து வந்த மரங்களின் பட்டைக்குள் மணல் புதைந்திருந்தது. வைரம் பாய்ந்த மரம்கூடச் சங்கிலியை அப்படி மழுக்காது. பட்டையை முழுக்க உரித்து, தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகே ரம்பத்தை இறக்கினோம். மின்வெட்டு நாட்களில் கடைகளில் தீட்டும் இயந்திரம் ஓடாது. கையால் தீட்டத் தெரிந்தவருக்கு மட்டும் வேலை நிற்கவில்லை. எங்கள் பட்டறைப் பையனுக்கு அப்போதுதான் கை படிந்தது. தூள் வழக்கத்தைவிடச் சன்னமானால் சங்கிலி மழுங்கிவிட்டது என்று பொருள்; “அண்ணா, தூளு சன்னமா வருது” என்று அவனே இப்போது நிறுத்துகிறான். ரம்பத்தை அமுக்காமலே வெட்ட வேண்டும், அமுக்கத் தோன்றினால் தீட்டும் நேரம்.

மற்ற பராமரிப்பு சாதாரணம்தான். பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது) கணக்கு, பலகை நாட்களில் 25 ஊற்றுகிறேன். பலகைத் தூள் மாவு போல மெல்லியது, ஏர் ஃபில்டரைத் தினம் சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வைக்க வேண்டும், அதனால் இரண்டு வைத்திருக்கிறேன். சிலிண்டர் இறக்கைகளுக்கு நடுவே தூளும் எண்ணெயும் சேர்ந்து கட்டியாகும். அதை விட்டால் மேலே சொன்ன ஊசிக் கணக்கெல்லாம் வீண். பாரைச் சங்கிலி மாற்றும்போதெல்லாம் தலைகீழாகத் திருப்பி மாட்டுகிறேன். இரண்டு சங்கிலி தேய்ந்தால் அதைச் சுழற்றும் ஸ்ப்ராக்கெட் பல் வளையத்தையும் ஒருமுறை மாற்றுகிறேன். 36 அங்குலப் பாரின் நுனிக்கு மெஷினின் ஆயில் போதாது, அங்கே தனிக் குப்பியிலிருந்து சொட்ட விடுகிறேன்.

மலிவு உதிரிபாகம் பற்றி ஒரு வார்த்தை. பெயர் தெரியாத சிலிண்டர் செட் ஒன்று வேறொரு மெஷினுக்காக வந்தது. துவார விளிம்புகள் கத்தி போல இருந்தன. அப்படியே மாட்டினால் பிஸ்டன் ரிங் மாட்டி உடையும். விளிம்பை மெதுவாக உருட்டிவிட்டு மாட்டினோம், கொஞ்ச காலம் ஓடியது, பிறகு மேற்பூச்சு உரிந்தது. சிலிண்டர், கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றுப் புகாமல் தடுக்கும் வளையம்), கார்புரேட்டர் ரப்பர் மூன்றையும் அசலாக மட்டும் வாங்குகிறேன். மூடி, கைப்பிடி, ஸ்பிரிங் எல்லாம் எதுவாக இருந்தாலும் சரி.

இப்போது என் 395 சும்மா நிற்கும்போது வேகம் ஏறி இறங்குகிறது, ஊசியைத் திருப்பினாலும் நிலைப்பதில்லை. உழைத்த மெஷினில் இது பெரும்பாலும் கிராங்க் சீல் தேய்ந்து காற்று இழுப்பதன் அடையாளம். இந்த வாரம் சைலன்சர் மாட்டும் துவாரத்தையும் கார்புரேட்டர் மாட்டும் துவாரத்தையும் அடைத்து, கையால் பம்ப் வைத்து அழுத்தமும் வெற்றிடமும் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். எந்தப் பக்கச் சீல் விட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவேன்.