பருந்து விரட்டும் மெசின் என்று விளம்பரம் வந்தால் வாங்காதீர்கள்

பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சோலாரில் ஓடும் சின்னப் பெட்டியாம். முற்றத்தில் குத்தி வைத்தால் பருந்து, கீரி, பாம்பு, எலி, கடைசியில் நுளம்பு வரைக்கும் ஓடிவிடுமாம். தலவாக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று 6,500 ரூபாய்க்கு வந்து சேர்ந்தது. கோழி வளர்க்கும் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அம்மா லயத்துக்குப் பின்னால் நாட்டுக்கோழி வளர்க்கிறார். அவர் கொழுந்துக்குப் போயிருக்கும் நேரத்தில் கோழிகள் வெளியேதான் மேயும். குஞ்சு பொரித்துவிட்டால் போதும், வல்லூறு தேயிலை மலை மரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அது குஞ்சுகளோடு சரி. தலையில் குடுமி நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பருந்து வந்தால் வளர்ந்த கோழியே போய்விடும். இதைப் பார்த்துத்தான் தங்கச்சி பெட்டியை ஓர்டர் பண்ணினாள்.

காசைக் கொடுத்த பிறகுதான் கூரியர் பையைப் பிரிக்க முடிந்தது. உள்ளே சிட்டையும் இல்லை, உத்தரவாத அட்டையும் இல்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் பக்கம் எப்படி மூடிக் கிடக்கும் என்று தெரியும்தானே, சோலாரில் சார்ஜ் ஏறவே இல்லை. வயர் போட்டுச் சார்ஜ் ஏற்றினோம். சிவப்பு லைட் நன்றாகத்தான் மின்னியது. வல்லூறு அந்த லைட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கிக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. பயந்தது பக்கத்து வீட்டு நாய் மட்டும்தான். பெட்டியைப் போட்டவுடன் காதை மடக்கிக்கொண்டு அடுத்த லயத்துக்கு ஓடியது, பாவம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பெட்டி போடுவது மனிதக் காதுக்கு எட்டாத சத்தம், அதாவது 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல். நாய்க்கு 40 கிலோஹேர்ட்ஸ் தாண்டியும் கேட்கும். பறவைகளுக்கோ நமக்குக் கேட்கும் அளவுகூட மேலே கேட்காது. பெரும்பாலானவற்றுக்கு 10 கிலோஹேர்ட்ஸ் பக்கத்திலேயே முடிந்துவிடும். காதில் விழாத சத்தத்துக்குப் பருந்து எப்படிப் பயப்படும்? பெட்டி பழுதானதால் வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள், நல்ல பெட்டி கிடைத்தாலும் இதே கதைதான்.

விற்றவர்களுக்கு வட்ஸ்அப்பில் எழுதினோம். "நல்லா வெயில்ல வைங்க மிஸ்" என்றார்கள். அப்புறம், "பருந்துக்குப் பழக ஒரு மாசம் எடுக்கும் மிஸ்" என்று ஒரு விளக்கம். பழகினால் பயம் போகும், வருமா? கடைசியில் இதைவிடப் பெரிய மொடல் ஒன்றை எங்களிடமே விற்கப் பார்த்தார்கள். காசைத் திருப்பிக் கேட்டதும் புளொக்.

அதே விளம்பரத்துக்குக் கீழே ஒருவர் இறைச்சியில் மருந்து கலந்து வைக்கச் சொல்லியிருந்தார். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். பருந்தும் வல்லூறும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அந்த இறைச்சியை முதலில் தின்னப்போவதும் லயத்து நாய்களாகத்தான் இருக்கும்.

இப்போது அம்மா குஞ்சுகளை முதல் இரண்டு மாதம் மேலே கம்பிவலை அடித்த கூட்டுக்குள்தான் வைத்திருக்கிறார். பெரிய கோழிகள் மேயும் இடத்துக்கு மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினோம். தொய்ந்தால் கோழி சிக்கும், அதனால் நடுவில் கம்பு ஊன்ற வேண்டும். வலை எட்டாத பக்கம் செடிகளை வெட்டாமல் விட்டிருக்கிறோம், சேவல் குரல் கொடுத்ததும் எல்லாம் அதற்குள் புகுந்துகொள்ளும். பழைய சிடித் தட்டுகளும் தொங்கவிட்டுப் பார்த்தோம். பருந்து கொஞ்ச நாள்தான் விலகி நின்றது. வலைக்கும் கம்புக்கும் ஆன செலவு அந்தப் பெட்டியின் விலையில் பாதிகூட இல்லை.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் கூரியர் பையில் ஒட்டியிருக்கும் அனுப்புநர் விபரத்தைக் கிழித்துப் போடாதீர்கள். வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடலாம், நாங்களும் முறையிட்டிருக்கிறோம். அதே பெட்டி இப்போது வேறு பெயரில், வேறு பக்கத்தில் ஓடுகிறது. படத்தை மட்டும் மாற்றவில்லை: பெட்டியைக் கண்டு பறந்தோடுவதாகக் காட்டும் பறவை வெள்ளைத் தலைக் கழுகு. அது வட அமெரிக்காவில் இருப்பது, எங்கள் மலைகளில் கிடையாது.