காட்டில் குருவி பார்க்க 8×42: நிகான் மோனார்க் எம்5

பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் 10 மடங்கு பெரிதாக்குவதைத்தான் கேட்கிறார்கள். குளத்துக்கு அது சரி. நஞ்சராயன் குளத்தில் தூரத்து வாத்துகளைப் பார்க்க நானும் அதையே சொல்வேன். ஆனால் மரங்களுக்குள் பார்ப்பதென்றால் 8 மடங்குதான் வாங்க வேண்டும். என்னிடம் இருப்பது நிகான் மோனார்க் எம்5, 8×42. அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ.

பங்குனியில் தறிக்கார நண்பர்கள் நாலு பேர் பல்லடத்திலிருந்து இருட்டோடு கிளம்பி ஆனைகட்டி போனோம். யானை நடமாடும் இடம். அனுமதியில்லாமல் காட்டுக்குள் இறங்கக் கூடாது. ரோட்டோரமே போதும். இலையெல்லாம் உதிர்ந்து நின்ற முள்ளிலவு மரத்தில் சிவப்புப் பூக்களுக்காகக் கரிச்சானும் மாங்குயிலும் மல்லுக்கட்டின. அதை எந்தக் கண்ணாடியிலும் பார்க்கலாம். மூங்கில் புதருக்குள் ஓர் ஆண் அரசவால் ஈப்பிடிப்பான் வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. ஒரு கிளையில் நிற்காது அது. வெள்ளை வால் மட்டும் அங்கேயும் இங்கேயும் அசைகிறது. 10 மடங்கு வைத்திருந்த தம்பி, "அண்ணா, எங்கீங்க? எனக்கு எலதானுங்க தெரியுது" என்றான். என்னுடையதைக் கொடுத்தேன். கண்ணைச் சுற்றி இருக்கும் நீல வளையம் வரை பார்த்துவிட்டான். அப்புறம் மதியம் வரை அதைத் திருப்பித் தரவே இல்லை.

காரணம் எளிது. எம்5 வரிசையிலேயே 10×42 காட்டும் பரப்பு 5.6 டிகிரி, 8×42 காட்டுவது 6.4 டிகிரி. துள்ளும் குருவியைத் தேட அந்த அகலம் வேண்டும். 42 மி.மீ. லென்ஸை 8 ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5.25 மி.மீ.; 10 ஆல் வகுத்தால் 4.2 தான். அதிகாலையிலும் மர நிழலிலும் இது பெரிய விஷயம். கை நடுக்கமும் 8 மடங்கில் குறைவாகத் தெரியும்.

நான் மூக்குக் கண்ணாடி போடுகிறவன். கண் வைக்கும் ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே தள்ளிவிட்டால், கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறது. இதற்காகவே இன்னொரு முறை வாங்குவேன். எடை 630 கிராம். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கவிடாமல், இரண்டு தோளிலும் மாட்டும் வார் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டரை மீட்டர் தூரத்தில் உட்காரும் பட்டாம்பூச்சியும் தெளிவாக விழுகிறது.

முதல் பைனாகுலராக வாங்குகிறவர்களுக்கு விலை கூடுதல்தான். அவசரப்படாமல் நண்பர்களுடையதை வாங்கிப் பாருங்கள். கடையில் சோதிக்கும்போது வெயிலடிக்கும் வீதியைப் பார்க்காதீர்கள். கடைக்குள்ளேயே இருட்டான மூலையில் இருக்கும் அட்டைப்பெட்டி எழுத்தைப் படித்துப் பாருங்கள்.