பார்சிலோனாவில் ஒரே ஒரு பூங்காவுக்குத்தான் நேரம் என்றால்?

பார்சிலோனா போகிறவர்களின் பட்டியலில் பூங்கா என்றால் பார்க் குவெல் ஒன்றுதான் இருக்கும். அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மர நிழலில் காலாற உட்கார நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே கட்டடம்தான் முதலில், தோட்டமெல்லாம் பிறகு.

அது பூங்காவாகப் பிறக்கவும் இல்லை. மலைச்சரிவில் 60 மனைகள் பிரித்துப் பணக்காரர்களுக்கு விற்கலாம் என்று எவுசேபி குவெல் என்ற தொழிலதிபர் திட்டம் போட்டு, 1900இல் கட்டடக் கலைஞர் அந்தோனி கவுடியிடம் வேலையை ஒப்படைத்தார். மனை வாங்க ஆள் வரவில்லை. இரண்டே வீடுகளோடு 1914இல் வேலை நின்றுபோனது. 1926இல் பொதுப் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். விலைபோகாத மனைத்தொழில் இவ்வளவு அழகாக முடிந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கூட்டமெல்லாம் படிக்கட்டில் இருக்கும் பல்லியைச் சுற்றித்தான் நிற்கும். உடைந்த பீங்கான் சில்லுகளை ஒட்டிச் செய்த பல்லி. டிராகன் என்றும் சொல்கிறார்கள். படம் எடுத்து முடித்ததும் மேலே உள்ள மண்டபத்துக்கு ஏறிவிடுங்கள். 86 தூண்கள். அவற்றின் தலைமேல்தான் வளைந்து வளைந்து போகும் பெஞ்சு சூழ்ந்த மைதானம் இருக்கிறது. மைதானத்தில் பெய்யும் மழை மண்ணில் வடிந்து, தூண்களுக்குள் இருக்கும் குழாய்களில் இறங்கி, அடியிலுள்ள 1,200 கன மீட்டர் தொட்டியில் சேரும். தொட்டி நிரம்பினால் மிச்சம் பல்லியின் வாய் வழியே வழியும். பல்லியை அங்கே வைத்தது வெறும் அழகுக்காக இல்லை.

டிக்கெட் 18 யூரோ, குறித்த நேரத்துக்குத்தான் நுழைய முடியும். மெட்ரோவில் இறங்கி மூச்சு வாங்க மேடேற வேண்டும். நான் முதல் தடவை நடுப்பகலுக்கு டிக்கெட் எடுத்து, வெயிலில் வதங்கி, வேறு யாருடைய தலையும் விழாத ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பினேன். காலை முதல் நேரத்துக்கு எடுங்கள். அந்தப் பக்கம் போகும் 116ஆம் எண் பஸ்ஸைச் சுற்றுலாப் பயணிகளே நிரப்பிவிட, குடியிருப்பவர்கள் கொதித்துப்போய், 2024இல் அந்தத் தடம் கூகுள் மேப்பிலிருந்தே நீக்கப்பட்டது. ஆகவே நடந்தே போய்விடுங்கள்.

சியுதாதெல்லா பூங்கா இதற்கு நேர் எதிர். நகரின் நடுவில், சமதரையில், ஒரு காசு செலவில்லாமல் இருக்கிறது. 1714இல் நகரைப் பிடித்த ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பெலிப்பே, மக்களை அடக்கி வைக்கக் கட்டிய கோட்டை நின்ற இடம் அது. மக்கள் அந்தக் கோட்டையை அடியோடு வெறுத்தார்கள். 1869க்குப் பின் இடித்து, பூங்காவாக்கினார்கள். பெரிய நீர்வீழ்ச்சி, படகுக் குளம், தும்பிக்கையில் குழந்தைகள் ஏறி உட்காரும் கான்கிரீட் மாமூத் (அழிந்துபோன பழங்கால யானை). குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே போதும். பையை மட்டும் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

என் வாக்கு இந்த இரண்டுக்கும் இல்லை. மெட்ரோவின் மூன்றாம் தடத்தில் முந்தெத் நிலையத்தில் இறங்கினால் சற்று நடையில் ஓர்ட்டா லாபிரிந்த் பூங்கா வந்துவிடும். ஒரு பிரபு 1791இல் தன் பண்ணையில் போடத் தொடங்கிய தோட்டம், நகரில் இருப்பதிலேயே பழையது. பொதுமக்களுக்குத் திறந்தது 1971இல்தான். டிக்கெட் சில யூரோதான், புதனும் ஞாயிறும் இலவசம். ஒரே நேரத்தில் 750 பேருக்கு மேல் விடுவதில்லை என்பதால் உள்ளே நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும்.

நடுவில் சைப்ரஸ் மர வேலியால் ஆன புதிர்ப்பாதை. அதன் மையத்தில் கிரேக்கக் காதல் கடவுள் ஈரோஸின் சிலை. ஆளுயரத்தை மிஞ்சிய வேலிக்குள் நுழைந்தால் வெயிலில் காய்ந்த இலையின் பிசின் வாசம் மூக்கில் ஏறும். சிலையைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி ஆனது. முட்டுச்சந்தில் மூன்றாவது முறையாக நான் நின்றபோது, ஏழு வயது இருக்கும் சிறுமி ஒருத்தி கைகாட்டிவிட்டு ஓடினாள். அவள் காட்டியதும் முட்டுச்சந்துதான்.