விஎஸ் கோடு ஷார்ட்கட்டுகள்: மாற்றாமல் பழகினால்தான் லாபம்

பர்கூரில் பொறியியல் படிப்பவர்கள், ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் என்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பலருக்கும் மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ் கோடுதான் புரோகிராம் எழுதும் எடிட்டர். காசில்லை, ஓரளவு பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் பாதிப் பேர் அதை மவுஸால்தான் ஓட்டுகிறார்கள். அதன் உண்மையான பலம் கீபோர்டில் இருக்கிறது.

முதலில் கன்ட்ரோல்+பி. ஃபைல் பெயரில் இரண்டு மூன்று எழுத்து அடித்து என்டர் தட்டினால் போதும், இடப்பக்கப் பட்டியலில் தேட வேண்டாம். அதே பெட்டியில் முக்காற்புள்ளி (:) போட்டு 120 என்றால் 120-ஆவது வரிக்குப் போகும். @ போட்டால் அந்த ஃபைலில் உள்ள ஃபங்ஷன்கள் வரிசையாக வரும். எந்தக் கட்டளையின் ஷார்ட்கட் மறந்தாலும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி தட்டிப் பெயரை அடியுங்கள். பக்கத்திலேயே கீயும் தெரியும்.

நேரம் ஒதுக்கிப் பழக வேண்டியது கன்ட்ரோல்+டி. காவேரிப்பட்டணத்து மாங்காய் மண்டி ஒன்றுக்கு பில் புரோகிராம் எழுதுகிறீர்கள், 'ரேட்' என்ற பெயரை 'கிலோரேட்' ஆக்க வேண்டும் என்று வையுங்கள். எதையும் செலக்ட் செய்யாமல் கர்சரை 'ரேட்' மேல் வைத்துத் தட்டினால் முழு வார்த்தை செலக்ட் ஆகும். மேலும் தட்டத் தட்ட அடுத்தடுத்த 'ரேட்'கள் சேர்ந்துகொண்டே வரும். ஒரே தடவை டைப் செய்தால் எல்லா இடத்திலும் மாறும். மவுஸால் இழுத்து செலக்ட் செய்துவிட்டுத் தட்டினீர்களோ, 'செபரேட்' உள்ளே இருக்கும் 'ரேட்'டும் சேர்ந்து மாட்டும். பலர் கோடு கெட்டுப்போவது இங்கேதான். தவறாகச் சேர்ந்ததை விடுவிக்க கன்ட்ரோல்+யூ. ஒன்றைத் தாண்ட கன்ட்ரோல்+கே, பிறகு கன்ட்ரோல்+டி. வேலை முடிந்ததும் எஸ்கேப் தட்ட மறந்தால் அடுத்து அடிப்பது பத்து இடத்தில் விழும்.

வேரியபிள் பெயரை மட்டும் மாற்ற எஃப்2 இன்னும் பத்திரம். மற்ற ஃபைல்களிலும் சேர்த்து மாற்றும், அதே பெயருள்ள வேறு ஃபங்ஷனின் வேரியபிளைத் தொடாது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அப்படியே வேலை செய்யும். பைத்தானுக்கு அதன் எக்ஸ்டென்ஷன் (எடிட்டரோடு சேர்க்கும் துணை மென்பொருள்) போட்டிருக்க வேண்டும். மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்தை இது மாற்றாது, அதற்கு கன்ட்ரோல்+டி-தான்.

வரியை நகர்த்த ஆல்ட்+மேல் அல்லது கீழ் அம்பு, நகலெடுக்க அதோடு ஷிஃப்ட், நீக்க கன்ட்ரோல்+ஷிஃப்ட்+கே, காமென்ட் (ஓடாத குறிப்பு) ஆக்க கன்ட்ரோல்+/. இவை ஒரு மதியத்தில் கைக்கு வந்துவிடும்.

இனி தொல்லைகள். பல லேப்டாப்பில் எஃப்2 தட்டினால் வெளிச்சமோ சத்தமோதான் மாறும். எஃப்என் கீயைச் சேர்த்துப் பிடியுங்கள். விண்டோஸில் தமிழ் கீபோர்டும் போட்டிருந்தால் ஆல்ட்+ஷிஃப்ட் மொழியையே மாற்றிவிடக்கூடும். வரியை நகலெடுக்கப் போய் அம்பைத் தட்டாமல் கையை எடுத்தாலே திடீரென்று தமிழ் வரும். விண்டோஸின் கீபோர்டு அமைப்பில் அந்த மொழிமாற்றக் கீயை எடுத்துவிட்டு, விண்டோஸ்+ஸ்பேஸ் பயன்படுத்துங்கள். சில பழைய இன்டெல் கிராபிக்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் மேல், கீழ் வரியிலும் கர்சர் சேர்க்கும் கன்ட்ரோல்+ஆல்ட்+அம்பு திரையையே தலைகீழாக்கும். அந்த டிரைவரின் ஹாட்கீயை அணைத்தால் சரியாகும்.

யூடியூப் பார்த்துவிட்டு எல்லாக் கீயையும் இஷ்டத்துக்கு மாற்றுவது நம்மவர்களுக்கு ஒத்துவராது. காலையில் லேப் கம்ப்யூட்டர், இரவில் ஹாஸ்டல் லேப்டாப், நாளை கம்பெனி கம்ப்யூட்டர். மாற்றிய கீகள் கூடவே வர செட்டிங்ஸ் சிங்க்கில் லாகின் செய்ய வேண்டும், பொதுக் கம்ப்யூட்டரில் அது வேண்டாத வேலை. ஒரு கீ வேலை செய்யாவிட்டால் மட்டும் கன்ட்ரோல்+கே, கன்ட்ரோல்+எஸ் தட்டுங்கள். தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கீபோர்டு படத்தை அழுத்தி அந்தக் கீயைத் தட்டினால், எந்த எக்ஸ்டென்ஷன் அதைப் பறித்துக்கொண்டது என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.